வாய்க்காலுக்குத் திரும்பிப் போகிறவர்கள்

நீர் வந்த வழி – 14

சென்ற வாரம் ஏரிக்கோடியில் நின்றோம். ஏரி நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் அது. இந்த வாரம் எதிர்ப்புறம் போவோம். ஏரிக்குள் தண்ணீர் நுழைகிற வாயில் தொடங்கி, அது வந்த வழியே மேலே நடப்போம். வரத்து வாய்க்காலைத் தேடித்தான் இந்த நடை.

ஜலகண்டாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுவது தறிச் சத்தம். தெருவுக்குத் தெரு தறிக்கூடம். ஊரின் பெயரிலேயே ஜலம் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் செம்மண் காடு. மழையை நம்பிச் சோளமும் கடலையும், கிணற்றை நம்பிக் குச்சிக்கிழங்கும் போடுகிற பூமி. வடமேற்கே, நேராக அளந்தால் 20 கிலோமீட்டருக்குள், மேட்டூர் அணை நிற்கிறது. 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்த அணை; 120 அடி வரை நீர் தேக்கினால் 93.47 டி.எம்.சி. கொள்ளும். அதன் தண்ணீர் எங்கோ இருக்கும் தஞ்சைக் கடைமடை வரைக்கும் போகிறது. அணையிலிருந்து பிரியும் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் அவற்றில் தண்ணீர் ஓடும். ஆனால் ஜலகண்டாபுரம் பக்கத்துக் காடுகள் மேட்டில் இருக்கின்றன. தண்ணீர் தானாக மேடேறி வராது. அணைக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு வானத்தைப் பார்த்தே காலம் தள்ளிய பூமி இது.

அதனால்தான் இந்த வட்டாரத்துக்கு ஏரியும் ஓடையும் வாய்க்காலும் உயிர்நாடி. சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாக இறங்கிக் காவிரியில் சேர்கிறது. ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இல்லை அது. மழை பெய்தால் இரண்டு நாள், நான்கு நாள் பெருகி ஓடும். அந்த நான்கு நாளைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். ஓடையில் வருவதை ஏரிக்குத் திருப்ப வரத்து வாய்க்கால் வெட்டினார்கள். ஓர் ஏரியின் கோடித் தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும்படி கோத்தார்கள்.

இன்று இந்த வட்டாரத்தில் எந்த ஏரிக்கரையில் ஏறி நின்றாலும் ஏரி தெரியும். வறண்டு கிடந்தாலும் அதற்கு ஒரு பெயர் உண்டு, ஒரு கரை உண்டு, கரையில் ஒரு முனியப்பனோ மாரியம்மனோ உண்டு. வரத்து வாய்க்கால் எங்கே என்று கேட்டால் கை நீட்டிக் காட்ட ஊரில் நாலு பேர்கூடத் தேறமாட்டார்கள். வருவாய்த்துறையின் புலப்படத்தில் இரட்டைக்கோடாக அது இருக்கும். தரையில் பார்த்தால் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பள்ளம், அப்புறம் ஒரு வண்டிப்பாதை, அப்புறம் ஒருவர் தோட்டத்து வேலி, அப்புறம் குப்பைமேடு. ஏரி செத்தால் ஊருக்குத் தெரிகிறது. வாய்க்கால் செத்தால் தெரிவதே இல்லை. இந்தத் தொடரில் இதுவரை நான் பார்த்த வறண்ட ஏரிகளில் பெரும்பாலானவை வாய்க்கால் செத்த பிறகு செத்தவை.

*

வாய்க்கால் எப்படிச் சாகிறது என்று தெரிந்தால்தான் எப்படிப் பிழைக்கும் என்பது புரியும்.

மண் வாய்க்காலின் உயிர் அதன் சரிவில் இருக்கிறது. ஆயிரம் அடி தூரத்துக்கு அரை அடி முதல் ஓர் அடி வரை இறங்கினால் போதும், தண்ணீர் நகரும். இதற்கு மேல் சரிந்தால் வேகம் கூடிக் கரையை அரிக்கும். குறைந்தால் வேகம் தளர்ந்து, கொண்டுவந்த வண்டலை வழியிலேயே போட்டுவிடும். கண்ணுக்கே தெரியாத இந்தச் சரிவைத் தியோடலைட் இல்லாத காலத்தில் மைல் கணக்கில் பிடித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டி 17ஆம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்த ராஜவாய்க்கால் இன்றும் ஓடுகிறது. பவானியிலிருந்து பாம்பு போல வளைந்து வளைந்து நொய்யல் வரை போகும் காலிங்கராயன் வாய்க்கால் அதைவிடப் பழையது, 13ஆம் நூற்றாண்டு.

ஆயிரம் அடிக்கு ஓர் அடி சரிகிற வாய்க்காலில் ஓரிடத்தில் அரை அடி உயரத்துக்கு மண் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு அடி தூரத்துச் சரிவை அந்த மண் தின்றுவிடும். மேலிருந்து வரும் தண்ணீர் அங்கே தயங்கி நிற்கும். நிற்கிற தண்ணீர் இன்னும் வண்டலை இறக்கும். ஈர வண்டலில் கோரையும் சம்பும் முளைக்கும். கோரை இன்னும் வண்டலைப் பிடிக்கும். மூன்று மழைக்காலத்துக்குள் அந்த இடம் மேடாகிவிடும். தண்ணீர் பலவீனமான கரையை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டில் பாயும். காட்டுக்காரர் தம் பயிரைக் காக்க மேலேயே ஒரு கட்டுப்போட்டு அடைப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதோடு கீழே உள்ள ஏரிக்கு வரத்து நின்றுவிடும். மழை குறைந்ததால் ஏரி காய்ந்தது என்று ஊர் பேசிக்கொள்ளும். எங்கோ ஒரு வளைவில் சேர்ந்த அரை அடி மண்ணிலிருந்து ஆரம்பித்தது அது.

அந்த அரை அடி மண்ணை அந்த ஆண்டே அள்ளியிருந்தால்? பத்துப் பேர் ஒரு காலைப்பொழுதில் முடித்திருப்பார்கள்.

அப்படி அள்ளியதற்குப் பெயர் குடிமராமத்து. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். வழக்கம் தளரத் தொடங்கியபோது 1858இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வரத் தவறியவர் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கைக் கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். வழக்கமாக நடந்ததைச் சட்டத்தால் தாங்கிப்பிடிக்க முடியவில்லை. பாசனம் பொதுப்பணித் துறையின் பொறுப்புக்குப் போனது. பிறகு மின் மோட்டார் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. சொந்தத் தோட்டத்தில் தண்ணீர் ஏறியதும் வாய்க்கால் யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. கிணற்றில் ஊறுகிற தண்ணீரும் அந்த வாய்க்காலும் ஏரியும் கொடுத்ததுதான் என்பது கிணறு வற்றிய பிறகு தெரிந்தது.

பழைய ஏற்பாட்டை நான் பொற்காலமாக எழுத விரும்பவில்லை. பல ஊர்களில் வாய்க்காலைக் காத்த நீர்க்கட்டிக்கு அந்த வாய்க்காலில் பாய ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. இரவில் லாந்தரோடு கரையில் நடந்து மடை திறந்தவர்களும், இடுப்பளவு சேற்றில் இறங்கித் தூர் அள்ளியவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார். தண்ணீர் போனது நிலம் உள்ளவர் வயலுக்கு. கட்டாயத்தின் பேரில் நடந்த அந்த உழைப்பு அப்படியே திரும்பி வர வேண்டியதில்லை. யார் ஏவலும் இல்லாமல், சாதி கேட்காமல், தானாக மண்வெட்டி எடுத்து வருகிற கை வேண்டும். அப்படி வந்த கைகளைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன்.

*

முதலில் பக்கத்தில் இருப்பது. சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி. 58 ஏக்கர். ஏற்காடு மலையடிவாரத்தில் பெய்கிற மழை மேலேயுள்ள புது ஏரியை நிறைத்து, அங்கிருந்து மூக்கனேரிக்கு வர வேண்டும். 2010இல் சேலம் மக்கள் குழு இந்த ஏரியைக் கையில் எடுத்தது. முன்னின்றவர் பியூஷ் மானுஷ். நகரத்து மக்கள் பணமும் உழைப்பும் கொடுத்தார்கள். தோண்டிய வண்டலை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள். அவற்றில் மரக்கன்றுகள் நட்டார்கள். மரங்கள் வளர்ந்தன, பறவைகள் வந்தன. கழிவும் செடியும் மூடிக்கிடந்த ஒரு நகரத்து ஏரியைச் சாதாரண மக்கள் திருப்பிக் கொண்டுவர முடியும் என்று சேலத்துக்குக் காட்டிய வேலை அது. சேலத்திலேயே அம்மாபேட்டை, குண்டுக்கல் ஏரிகளுக்கும் அந்த முயற்சி பரவியது.

ஏரி வேலையில் ஒரு வசதி உண்டு. ஒரே இடத்தில் நூறு பேர் கூடலாம். செய்த வேலை மாலையிலேயே கண்ணுக்குத் தெரியும். வாய்க்கால் அப்படி இல்லை. அது நீளமானது, ஒடுக்கமானது, பல பேர் நிலத்தை ஒட்டிப் போவது. முக்கால்வாசி தூரத்தைச் சுத்தம் செய்துவிட்டு ஓர் இடத்தில் விட்டுவிட்டால் செய்த முக்கால்வாசியும் வீண். இந்தக் கஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்கள் என்று நான் மதிக்கிறவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலில் வழிநெடுக அணைக்கட்டுகள் உண்டு. ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் ஒரு வாய்க்கால் பிரிந்து ஒரு குளத்துக்கோ சில குளங்களுக்கோ போகும். 2017இல் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு முதலில் பேரூர்ப் பெரியகுளத்தில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை, மண்வெட்டி, கடப்பாரை, கையுறை. மாணவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள். பிறகு நகரத்தின் கிழக்கே உள்ள வெள்ளலூர்க் குளத்துக்கு வந்தார்கள். ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள அந்தக் குளம் பல ஆண்டுகளாகத் தண்ணீர் காணாமல் கிடந்தது. நொய்யலில் வெள்ளம் போகும். குளம் காய்ந்து கிடக்கும். குளத்தைத் தோண்டிப் பயன் இல்லை என்று அவர்கள் புரிந்துகொண்டதுதான் திருப்பம். வாய்க்காலில் இறங்கினார்கள். பிளாஸ்டிக்கும் கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமும் அடைத்திருந்த வெள்ளலூர் ராஜவாய்க்காலை வாராவாரம் துப்புரவு செய்தார்கள். அரசுத் துறைகளிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றார்கள். நொய்யல் தண்ணீர் வெள்ளலூருக்கு வந்தது.

தண்ணீர் வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கரையில் மியாவாக்கி முறையில் அடர்வனம் வளர்த்தார்கள். மரம் வளர்ந்ததும் பட்டாம்பூச்சி வந்தது. அவற்றை இனம் பார்த்துப் பதிவு செய்தார்கள். அங்கே ஒரு பட்டாம்பூச்சிப் பூங்காவே உருவானது. ஞாயிற்றுக்கிழமை வேலை நிற்கவில்லை. நூறாவது வாரம் தாண்டி, இருநூறாவது வாரம் தாண்டிப் போயிற்று. ஒரு வாய்க்காலுக்கு எது தேவை என்பதற்கு இந்த எண்ணிக்கையைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை.

*

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறடி அகலமுள்ள வாய்க்கால். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடி உயரம் மண் சேர்ந்திருக்கிறது. அள்ள வேண்டிய மண் சுமார் 550 கன மீட்டர். 800 டன்னுக்கு மேல். மண்வெட்டி பழகாத ஒருவர் ஒரு காலைப்பொழுதில் ஒரு கன மீட்டர் வெட்டிக் கரையேற்றினால் பெரிய விஷயம். முப்பது பேர் வந்தால் பதினெட்டு, பத்தொன்பது ஞாயிறு ஆகும். நாலரை மாதம். ஒரு ஜேசிபி இதை மூன்று நாளில் முடித்துவிடும்.

அப்படியானால் கையால் ஏன் அள்ள வேண்டும்? தன்னார்வலர்களைப் பார்த்து எல்லோரும் கேட்கிற கேள்வி. மண்ணை மட்டும் எடுக்க வேண்டுமானால் ஜேசிபி போதும்; பெரும்பாலான குழுக்கள் நன்கொடை திரட்டி ஜேசிபி வைத்துத்தான் வெட்டுகின்றன, அதில் தவறில்லை. ஆனால் இயந்திரம் வாய்க்காலை நடந்து பார்க்காது. எந்தக் குழாய்ப்பாலம் அடைத்திருக்கிறது, எந்தத் தோட்டத்துக் கழிவுநீர் நுழைகிறது, எந்த வளைவில் ஆண்டுதோறும் மண் சேரும் என்பதெல்லாம் பதினெட்டு ஞாயிறு அதற்குள் நின்றவருக்குத்தான் தெரியும். அடுத்த ஆண்டு மழைக்கு முன் எங்கே பார்க்க வேண்டும் என்றும் அவருக்கே தெரியும். அந்த அறிவுதான் முன்பு நீர்க்கட்டியிடம் இருந்தது. ஒரு வாய்க்கால் செத்த இடத்தில் அந்த அறிவும் செத்திருக்கிறது. கையால் அள்ளுகிறபோது அது மறுபடி முளைக்கிறது.

வேலையின் முறையையும் சொல்லிவிடுகிறேன். எங்காவது ஒரு குழு தொடங்கினால் உதவும். முதல் கருவி மண்வெட்டி இல்லை, காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் பார்த்து, வாய்க்கால் புறம்போக்கின் அகலம் எவ்வளவு, சர்வே கல் எங்கே என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வாய்க்கால் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அந்தத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். நீர்வளத் துறையின் கீழும் இருக்கலாம், ஊராட்சி ஒன்றியத்தின் கீழும் இருக்கலாம். இரண்டாவது, கரையோரத்து ஒவ்வொரு காட்டுக்காரரிடமும் போய் உட்கார்ந்து பேசுவது. வாய்க்கால் வந்தால் தம் கிணறு ஊறும் என்று அவருக்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது, சரிவு. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் லெவல் டியூபே போதும். கீழே ஏரிவாயின் தளத்திலிருந்து மேலே போகப் போக மட்டம் குறித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக வெட்ட வேண்டும். ஆர்வத்தில் ஆழமாகத் தோண்டிவிட்டால் அங்கே குட்டை கட்டும், தண்ணீர் நகராது.

வெட்டிய மண்ணைக் கரை விளிம்பிலேயே போடக் கூடாது. முதல் மழையில் அத்தனையும் உள்ளே திரும்பிவிடும். இரண்டு மூன்று அடி தள்ளிப் போட வேண்டும். வண்டலாக இருந்தால் காட்டுக்காரரே அள்ளிக்கொள்வார். சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேர்க்கட்டையோடு பிடுங்க வேண்டும். விட்டால் ஒரு மழையில் தழையும். ஆனால் கரைச்சரிவில் படர்ந்திருக்கும் அருகம்புல்லைச் சுத்தம் என்ற பெயரில் செதுக்கிவிடக் கூடாது. கரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான்.

*

வெளியே எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம். பஞ்சாபில் காலி பேயி என்று ஒரு சிற்றாறு, 160 கிலோமீட்டர். குருநானக் நீராடி ஞானம் பெற்றதாகச் சீக்கியர்கள் போற்றும் நீர். ஊர்ச் சாக்கடைகளும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து அதைச் சாக்கடையாகவே ஆக்கிவிட்டிருந்தன. 2000ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீசேவால் என்ற துறவி அதில் இறங்கித் தாமே களை பிடுங்கத் தொடங்கினார். குருத்வாராக்களில் காலங்காலமாக நடக்கும் 'கர் சேவை', அதாவது கையால் செய்யும் தொண்டு, ஆற்றுக்கு வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். களை பிடுங்கியதோடு நின்றிருந்தால் மறு ஆண்டே களை மூடியிருக்கும். ஊர்க் கழிவுநீரை நிலத்தடிக் குழாயில் குட்டைகளுக்குத் திருப்பி, தெளியவைத்து, பயிருக்குப் பாய்ச்சும் வழியையும் அவர்கள் செய்தார்கள். 2006இல் அப்துல் கலாம் போய்ப் பார்த்துப் பாராட்டினார். சாயமும் ஆலைக்கழிவும் கலக்கும் நம் பக்கத்து ஓடைகளுக்கு இதில் பாடம் உண்டு. கழிவு வருகிற வாயை அடைக்காமல் தூர் அள்ளுவது ஓட்டைப் பானையில் நீர் சுமப்பது.

இன்னொரு கதை இங்கிலாந்தில் நடந்தது. அங்கே வாய்க்கால் பாசனத்துக்கு இல்லை, படகில் சரக்குக் கொண்டுபோக. ரயிலும் லாரியும் வந்தபின் அவை கைவிடப்பட்டன. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகும் வாய்க்காலின் தென்பகுதி, 13 மைல், தூர்ந்து கிடந்தது. யாரும் பயன்படுத்தவில்லை என்று சொல்லி அதைச் சட்டப்படி மூடிவிட 1958இல் மாவட்ட நிர்வாகம் முயன்றது. அண்மையில் அந்த வழியே சிறு துடுப்புப் படகில் போன இருவர் கட்டணம் செலுத்தி வாங்கிய சீட்டு அப்போது சாட்சியாக வந்தது. பயன்பாட்டில் இருப்பதை எப்படி மூடுவது? முயற்சி நின்றுபோனது. பிறகு டேவிட் ஹட்சிங்ஸ் என்பவர் தலைமையில் தன்னார்வலர்களும், ராணுவ வீரர்களும், பர்மிங்காம் சிறைக் கைதிகளும் 1961 முதல் சேறு அள்ளி மதகுகளைச் சரிசெய்தார்கள். 1964 ஜூலை 11 அன்று வாய்க்கால் மீண்டும் திறந்தது. அதைப் பார்த்து அந்த நாடு முழுக்க வாய்க்கால் மீட்புக் குழுக்கள் பெருகின. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவை வேலை செய்கின்றன.

அந்தச் சீட்டை நினைக்கும்போதெல்லாம் நம் புலப்படத்து இரட்டைக்கோடு என் நினைவுக்கு வரும். தரையில் மறைந்த பிறகும் ஒரு வாய்க்கால் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாடு தனிச் சட்டமே செய்திருக்கிறது. அந்த இரட்டைக்கோட்டை யாராவது தரையில் நடந்து காட்டாவிட்டால் சட்டம் அலமாரியிலேயே இருக்கும்.

*

அரசு செய்ய வேண்டியதை மக்கள் ஏன் செய்ய வேண்டும் என்று நண்பர்கள் என்னிடம் கோபமாகக் கேட்பதுண்டு. நியாயமான கோபம். வாய்க்காலைக் காப்பது அரசின் கடமை. தன்னார்வலர் வந்ததால் அந்தக் கடமை குறைந்துவிடாது. அரசு செய்ததும் உண்டு. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். கேரளத்தில் பம்பையையும் அச்சன்கோவில் ஆற்றையும் இணைக்கும் குட்டம்பேரூர் ஆறு, 12 கிலோமீட்டர், ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் எழுநூறு பேர் எழுபது நாளில் அதை மீட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். கூலி பெற்றுச் செய்த வேலை எந்த வகையிலும் தொண்டுக்குக் குறைந்ததில்லை. நிலமற்ற கூலிக்காரரை இலவசமாக மண் அள்ளச் சொல்வது தொண்டாகாது, பழைய கட்டாய உழைப்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க முடிந்தவர் உழைப்பைக் கொடுக்கட்டும். கூலியை நம்பியவருக்குக் கூலி கிடைக்கட்டும்.

இதையெல்லாம் ஜலகண்டாபுரத்திலிருந்து பேச ஒரு காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு இப்போது மேட்டூர்த் தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது. மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் நூறு வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவர 565 கோடி ரூபாய்த் திட்டம் 2020 மார்ச் 4 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் முதற்கட்டம் தொடங்கியது. அணை நிறைந்து வழிகிற நாட்களில் திப்பம்பட்டியில் மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். தண்ணீரை மேடேற்றக் குழாயும் மின்சாரமும் போதும். ஏறி வந்த தண்ணீர் ஓர் ஏரியை நிறைத்து அடுத்த ஏரிக்குப் போக, ஏரியிலிருந்து காட்டுக்குப் பாய, மறுபடி ஓடையும் வாய்க்காலும்தான் வேண்டும். மழைத்தண்ணீருக்கும் அதே வழிதான். மேட்டூரிலிருந்து மோட்டாரில் ஏற்றிய தண்ணீர் தூர்ந்த வாய்க்காலில் நின்று ரோட்டில் வழிந்தால் அந்த மின்சாரத்துக்கும் பணத்துக்கும் என்ன பொருள்?

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு மழைநாள் காலையில் என் அப்பாரு தோளில் மண்வெட்டியோடு வாய்க்கால் மேட்டில் நடக்க, நான் பின்னாலேயே ஓடினேன். வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

"ஏனுங்க அப்பாரு, தண்ணி எப்பங்க வரும்?"

"வழி உட்டா வரும் சாமி. நாம வழியில நின்னா அது வேற பக்கம் போயிரும்."

சொல்லிக்கொண்டே குனிந்து, மடைவாயில் சேர்ந்திருந்த சருகையும் ஒரு பிடி மண்ணையும் வாரிக் கரையில் போட்டார். வளைவுக்கு வளைவு அப்படியே. வேலை செய்கிறோம் என்ற நினைப்பே அவரிடம் இல்லை. வெற்றிலை போடுவதைப் போல அது அவர் கைப்பழக்கம். அவர் போன பிறகு அந்த மேட்டில் அப்படிக் குனிந்து நடக்க எங்கள் வீட்டில் யாரும் இல்லை. நானும் பட்டணத்துக்குப் போய்விட்டேன். அந்த வாய்க்கால் இன்று இல்லை.

ஜலகண்டாபுரத்துத் தறிக்கூடம் ஒன்றின் வாசலில் சற்று நேரம் நின்றேன். ஓடிக்கொண்டிருந்த தறியில் பாவு இழை ஒன்று அறுந்தது. நெய்கிறவர் தறியை நிறுத்தினார். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த ஒன்றைக் கண்டுபிடித்து, இரு முனையையும் சேர்த்து முடிச்சிட்டு, அச்சில் சரிபார்த்து, மறுபடி தறியை ஓட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நாளில் இன்னும் எத்தனையோ தடவை அது அறுந்திருக்கும். அத்தனை தடவையும் அவர் நிறுத்தி முடிச்சிட்டிருப்பார். துணி நெய்கிறவருக்கு அது தனி வேலை இல்லை, நெய்வதில் ஒரு பகுதி.

வாய்க்காலும் அப்படித்தான். மழை ஒவ்வொன்றும் அதை எங்காவது அறுக்கும். ஜேடர்பாளையம் ராஜவாய்க்காலில் இன்றும் ஆண்டில் சில நாள் தண்ணீரை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்க்கிறார்கள். பல நூற்றாண்டாக அது ஓடுவதன் ரகசியம் வேறொன்றும் இல்லை. தூர்வாரிய அன்று மாலை எடுக்கும் புகைப்படத்தில் எல்லாக் குழுவும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த ஆண்டு ஆடி மாதம், மழைக்கு முன், அதே வளைவுக்கு அதே பத்துப் பேர் மண்வெட்டியோடு திரும்பி வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் அந்த வாய்க்கால் ஓடும்.

ஜலகண்டாபுரத்து இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஏரியின் வாயிலிருந்து மேல்நோக்கி ஒரு மைல் நடந்து பாருங்கள். கையில் புலப்படத்தின் நகலும், கூட வாய்க்கால் தெரிந்த ஒரு பெரியவரும் இருக்கட்டும். அவர் கை நீட்டிக் காட்டுகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளைக்கு அந்த வேலை போதும்.

(தொடரும்)